கூரைமேல் நாற்பது வோல்ட்

நாற்பது வோல்ட். இந்த எண்ணை மனதில் வையுங்கள். தொட்டால் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் கரண்ட் ஓடும்போது ஒயரைப் பிரித்தால், அங்கே எழும் பொறி லேசில் அணையாது. இழுக்க இழுக்க நீளும்.

டார்லீன் குடியிருக்கும் கேம்பர் வண்டிக் கூரையில் இரண்டு சோலார் பேனல்கள். இரண்டும் சேர்ந்து நாற்பது வோல்ட். குளிர்காலத்தில் வண்டியும் சட்டியுமாக அரிசோனா பாலைவனத்துக்கு வந்து சேரும் ஜனத்தில் அவளும் ஒருத்தி. ஆயுளில் பாதியைக் கோழி வெட்டும் ஆலையில் நின்றே கழித்தவள். புருஷன் வெர்ன் லாரி ஓட்டினான். அவன் பென்ஷனைத் திவால் என்று சொல்லிக் கம்பெனி விழுங்கியது. மிஞ்சியது இந்த வண்டியும் அவனுடைய கெட்டுப்போன நுரையீரலும்தான். எந்நேரமும் மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். மெஷினுக்குக் கரண்ட் கூரையிலிருந்து.

அன்று காலை காப்பி போடும்போது முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. அடுப்பை அணைத்தாள். நாற்றம் போகவில்லை. வெர்னின் படுக்கைக்கு நேர் மேலே, ஒயர் உள்ளே இறங்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. கூரைக்கு அந்தப் பக்கம் ஏதோ சடசடத்தது.

போன மாதம் நாலு வண்டி தள்ளி ஒன்று எரிந்தது. மிஞ்சியது சக்கர இரும்பு மட்டும். அந்த வண்டியில் ஆக்சிஜன்கூடக் கிடையாது.

"வெர்ன், எந்திரி. வெளிய போகணும்."

"எதுக்கு?"

"மேல ஒயர் ஜாயின்ட் எரியுது."

"அது நான் மாட்டினது. கிளிக்னு சத்தம் கேட்டுதான் விட்டேன்."

"கோழிக்கால ஒடிச்சாலும் கிளிக்னுதான் கேக்கும்."

"நீ மேல ஏறாத. உன் உடம்ப இந்தக் கூரை தாங்காது."

கிளிக் சத்தத்தை நம்பித்தான் அங்கே பாதிப் பேர் ஒயர் மாட்டுகிறார்கள். சந்தையில் ஒரு முனையை ஒரு மேசையில் வாங்குவார்கள், மறு முனையை வேறு மேசையில். வேறு வேறு கம்பெனிச் சரக்கு. வெளியே பொருந்திவிடும், உள்ளே உலோகம் அரைகுறையாகத்தான் தொடும். அந்த அரைகுறையில்தான் சூடு ஏறும். நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்தால் அமர்த்திவிடலாம். வெர்ன் வைக்கவில்லை. அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்றான்.

பக்கத்து வண்டி வாண்டா நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏய் கிழவா, மூச்சு விடவே வக்கில்ல, இதுல பிடிவாதம் வேறயா? நட." மெஷினைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் காரில் உட்கார வைத்தாள். மெஷினில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. கொஞ்ச நேரம் தாங்கும்.

டார்லீன் ஏணி ஏறினாள். உளுத்த கூரை. ஊர்ந்துதான் போனாள். சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது, பேனலை மூடினால்தான் கரண்ட் நிற்கும். முதல் பேனலில் கம்பளியை விரித்து, மேலே தண்ணீர்க் கேன்களை ஏற்றினாள். இரண்டாவது கம்பளியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. அதைப் பிடிக்க வாண்டா காரை விட்டு ஓடினாள்.

அப்போது டார்லீனுக்குக் கீழே, வண்டிக்குள், யாரோ இருமினார்கள். அந்த இருமல் அவளுக்குத் தெரியும்.

"வெர்ன்?"

"நான்தான். நீ அங்க கஷ்டப்படாத. மீட்டர் பெட்டியில கூரை ஒயரக் கழட்டி விட்டுர்றேன். ரெண்டே ஸ்க்ரூ."

மூக்கில் குழாய் இருந்தது. தாடியிலும் சட்டையிலும் ஆக்சிஜன் ஊறியிருந்தது. ஒயர் பிரிந்தால் பொறி அவன் முகத்துக்கு நேராக எழும். பஞ்சுப் பொதியில் விழுந்த மாதிரி பிடித்துக்கொள்ளும்.

கத்தினால் அவன் கை ஆடும். டார்லீன் குரலைத் தாழ்த்தினாள்.

"வெர்ன், கைய எடு. குழாயோட அங்க நிக்காத."

"ஒரு ஸ்க்ரூ லூசாயிருச்சு. இரு."

போட்டிருந்த மேல்கோட்டை விரித்தபடி இரண்டாவது பேனல்மேல் குப்புற விழுந்தாள். அவன் ஓயாமல் கேலி பண்ணும் உடம்பு பேனலின் நாலு ஓரத்தையும் மூடியது. அடியில் கூரை நெளிந்து முறுகியது. கன்னத்துக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சடசடப்பு நின்றது. தடவித் தடவி ஜாயின்டைப் பிடித்தாள். உருகி ஒட்டியிருந்தது. விரல் பொசுங்கப் பொசுங்க முறுக்கிப் பிய்த்தாள். ஒயர் கையோடு வந்தது.

"மீட்டர்ல கரண்ட் எவ்வளவு காட்டுது? படி."

கீழே சத்தமில்லை. இருமலும் இல்லை. மெஷின் மட்டும் உஸ், உஸ் என்றது.

"வெர்ன். படி."

உஸ். உஸ்.

"டார்லீன்..."

"படிடா."

"சைபர்."