வசந்தி டீச்சரும் எங்கள் ஊர் மஞ்சக்காமாலையும்

வசந்தி டீச்சர் இன்று காலை போய்விட்டார்...

கும்பகோணம் வீட்டில், தூக்கத்திலேயே. அவருடைய அண்ணன் போன் செய்தபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குத்தாலத்தில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளி. நான் பிசிக்ஸ், அவர் ஜுவாலஜி. தினமும் ஒரே பஸ், ஒரே சீட். ஜன்னல் பக்கம் எப்போதும் அவருக்குத்தான். உங்களுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்பார். எனக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

லஞ்ச் நேரத்தில் அவரிடம் மாட்டினால் தீர்ந்தது. யாராவது கோழிக் குழம்பைத் திறந்தால் போதும், கோழிக் கட்டி கதை ஆரம்பித்துவிடும்...

நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு டாக்டர், கோழிக்கு வந்த கட்டியை அரைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரை இன்னொரு கோழிக்கு ஊசி போட்டாராம். அதற்கும் கட்டி வந்ததாம். கிருமியால் கேன்சர் வருமா என்று ஒருவரும் நம்பவில்லையாம். நோபல் பரிசு கொடுக்கும்போது மனிதர் கிழவராகிவிட்டார். அந்தக் கிருமியில் இருந்த ஜீனின் ஒரிஜினல் நம் எல்லோர் உடம்பிலும் சமர்த்தாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, அது கெட்டுப்போனால்தான் வம்பு என்று பிறகு கண்டுபிடித்தார்களாம்.

இதற்குள் குழம்பு ஆறிப்போயிருக்கும். கொண்டுவந்தவர் மூடி வைத்திருப்பார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு கதை. மார்பில் வரும் புற்று சில குடும்பங்களில் பரம்பரையாக இறங்குகிறது, அதற்கு ஒரு ஜீன் காரணம் என்று வருஷக்கணக்கில் தேடிய ஒரு பெண் விஞ்ஞானி. பெரிய பெரிய ஆட்களே நம்பவில்லை. அந்த அம்மா விடவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது ஏதோ சொந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்வதுபோல டீச்சருக்கு அவ்வளவு பெருமை.

பிறகு அதே கதை டீச்சர் வீட்டுக்கே வந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று டாக்டரம்மா கேட்டு, ஒரு பேப்பரில் வம்சத்தை வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. டீச்சர் கட்டிக்கொண்டது அத்தை மகனை. அத்தையே மாமியார் என்றதும் டாக்டரம்மா அழித்து அழித்து வரைந்தார்.

யார் எதனால் செத்தார்கள் என்று கேட்க, டீச்சர் அங்கேயே உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். அம்மா? மஞ்சக்காமாலை. பெரியம்மா? மஞ்சக்காமாலை. சின்னப் பாட்டி? அதுவும் மஞ்சக்காமாலை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுல கேன்சரே கெடையாது டீச்சர். அத்தனை பேரும் மஞ்சக்காமாலையிலயே போயிருக்காங்க."

சிரித்தோம்... டாக்டரம்மாவும் சிரித்தார். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் கேன்சர் என்ற பேரை வாயில் எடுக்க மாட்டார்கள், மஞ்சக்காமாலை என்றுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

டெஸ்ட் ரிசல்ட் வந்தது. அந்த ஜீன்தான். பழுதுபட்டிருந்தது.

டீச்சருக்குப் பிள்ளை இல்லை, வீட்டுக்காரரும் முன்பே தவறிவிட்டார். அண்ணன் கலியமூர்த்திக்கு நன்னிலத்தில் விவசாயம். ஒரே பெண், அபி. டீச்சர் தூக்கி வளர்த்த பெண். அவளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. பொம்பளை வியாதி பொம்பளை வழியாகத்தானே வரும், நான் ஆம்பளை, என் மகளுக்கு எப்படி வரும் என்று கேட்டார்.

"வெதநெல்லுல கலவன் நெல்லு கலந்திருந்தா வயலு ஆம்பளையா பொம்பளையான்னா பாக்கும்? அம்மாகிட்டேர்ந்து எனக்கு வந்த மாதிரி உனக்கும் வந்திருக்கலாம்ணே. ஒன்ன ஒண்ணும் பண்ணாம அபிக்குப் போயிருக்கலாம்."

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அதோடு பல மாதம் பேச்சே இல்லை. அபிக்கு நிச்சயம் ஆனது. டெஸ்ட் எடுக்கவில்லை.

டீச்சர் அழுது நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்... பஸ்ஸில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. தன் உடம்புக்காக இல்லை. அபிக்காக.

கடைசி மாதம் அண்ணன்தான் வந்து கூடவே இருந்தார். கஞ்சி ஊட்டியது, தலை வாரிவிட்டது எல்லாம் அவர்தான். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்று மதியம் மாப்பிள்ளை வீட்டார் துக்கம் கேட்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அபி பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார், டீச்சர் உடம்புக்கு என்ன என்று.

சொந்தக்காரப் பெண் ஒருத்தி மஞ்சக்காமாலை என்று ஆரம்பித்தே விட்டாள்.

அண்ணன் பந்தலில் இருந்து எழுந்து வந்தார்.

"கேன்சருங்க. எங்கம்மாவும் அதுலதான் போனாங்க. எம் மகளுக்கும் இருக்கலாம். காரியம் முடிஞ்சதும் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுக்கப் போறேன். நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரிதான்."

அபி தலை நிமிரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அபியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க மாமியாருக்கும் மஞ்சக்காமாலைன்னுதாம்மா சொன்னோம்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கூடவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. திரும்பிப் பார்த்தேன், கூடச் சிரிக்க டீச்சர் எழுந்திருக்கவில்லை...

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். நானும் சொல்லாமல்தான் வந்தேன். மனசு கேட்கவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

போயிட்டு வரேன் டீச்சர்.