ஆறு மணி விசில்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்க்கிறேன். மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து பெண்கள் நாங்கள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் விசில் சத்தம் கேட்டது. அங்கே வாட்ச்மேன் அண்ணனைத் தவிர வேறு ஆம்பளை இல்லை. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் மேனேஜரையே அழைத்து வந்துவிட்டேன்.

"நாளைக்கு வேலைக்கு வராண்டாம்" என்று அவர் அண்ணனிடம் சொல்லி வாய் மூடவில்லை, மறுபடி விசில். வாட்ச்மேன் அண்ணனோ உதட்டை இறுக்கிக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார்.

வேப்பமரக் கிளையில் பச்சை முதுகும் சிவந்த வயிறுமாக ஒரு குட்டைவால் குருவி, கழுத்தை நிமிர்த்தி அடுத்த விசிலை அடித்தது.

"ஆறுமணிக்குருவில்லா இது! மலங்காட்டுல கத்துறது, இங்க எப்படி வந்துச்சு?" என்றார் மேனேஜர்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

"பொம்பளையாளுக சேர்ந்து விசிலடிச்சு என்னைக் கேலி பண்ணுதியன்னு நெனச்சேன் தாயி. அதான் பேசாம இருந்தேன்" என்றார் அண்ணன்.

சித்திரையில் குருவி வடக்கே போய்விட்டது. அது திரும்பி வரும்வரை ஆறு மணிக்கு அண்ணன்தான் விசிலடிக்கிறார். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.