சுமித்திராவுக்காக மிதிக்காத சைக்கிள்

வன்னியில், முத்தையன்கட்டில் சிவலட்சுமியின் படிப்பைக் கேலி பண்ணாத வாய் இல்லை. "இரும்பைப் பிடிக்கத்தான் படிப்பெண்டால், ஒரு காந்தத்தை வாங்கிக் குடுத்திருப்பமே" என்று அவளுடைய அண்ணன் அப்புத்துரையே சந்தியில் நின்று சொல்லுவான். வயல் செய்கிற குடும்பத்திலிருந்து இரசாயனம் படிக்கப் போனவள் அவள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இரும்பைக் கவ்விக்கொள்ளச் சுரக்கும் மூலக்கூறுகளைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தாள். அடுத்ததாக, மூலக்கூறுகளையே கம்பியாக்கி மின்சாரம் ஓடவிடும் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டில் இடமும் கிடைத்திருந்தது. தொண்ணூறில் தகப்பனுக்குச் சுகமில்லையென்று ஊருக்கு வந்தாள். சண்டை மூண்டு பாதை பூட்டியது. பிறகென்ன, மின்சாரமே இல்லாத ஊரில் பத்து வருசமாகப் பள்ளிக்கூட ரீச்சர்.

அப்புத்துரையின் வயலில் கூலிக்கு நின்ற மாயாண்டி, கலவரத்தில் எல்லாம் இழந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவருடைய மகள் சுமித்திராவுக்கு உடம்பில் இரத்தம் நிலைக்காது; மாதாமாதம் ஆஸ்பத்திரியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு வெளியேற வழியில்லாமல் ஈரலிலும் இதயத்திலும் படிந்துகொண்டிருந்தது. அதைக் கவ்வி வெளியே கொண்டுவருகிற மருந்து, சிவலட்சுமி ஆராய்ந்த அதே வகை மூலக்கூறுதான். தன் படிப்பு ஒரு பிள்ளையின் உயிருக்கு உதவும் என்று தெரிந்த அன்று அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

வவுனியாவில் ஒரு வெளிநாட்டு டொக்டரிடம் கெஞ்சி, மருந்தும் அதைத் தோலுக்கடியில் செலுத்தும் சின்னப் பம்பும் வாங்கினாள். ஒரேயடியாக ஏற்றினால் பலனில்லை. மணிக்கணக்கில் மெல்ல மெல்லப் போகவேண்டும். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மருந்தை விட்டான். பம்பைத் திறந்து பற்றரியை மட்டும் கழற்றினான். இயக்கத்தின் கைக்குப் போய்விடுமென்று வன்னிக்குள் போகத் தடைசெய்த சாமான் அது. அவள் எவ்வளவோ மன்றாடியும் வெறும் பம்பைத்தான் மரியாதையாக நீட்டினான். பாழாய்ப்போன மரியாதை.

ஊரில் ரேடியோ கேட்பது சைக்கிள் டைனமோவில்தான். நிறுத்திவைத்த சைக்கிளில் ஒருவர் ஏறி மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சிவலட்சுமி அண்ணனின் சைக்கிளை இரவல் வாங்கி, பழைய ரேடியோவில் கழற்றிய பாகங்களை இடையில் பொருத்திப் பம்பை ஓடவைத்தாள். மாயாண்டி மிதித்தார். மறுநாள் பதறியடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், புள்ளைக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போகுதுங்க."

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அந்த இரும்புதான் வெளியில போகுது."

அவர் போனபின் அவள் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோசத்தில் அழுதாள்.

ஆனால் மிதித்துக்கொண்டே இருந்தால் மாயாண்டி வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மிதித்தாள். அதுவும் போதவில்லை. ஆளுக்குக் கொஞ்சநேரம் வரச்சொல்லி அயலில் கேட்டாள். எல்லோருக்கும் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. தோட்டக்காட்டானின் பிள்ளைக்கு நாங்கள் மிதிக்கிறதோ என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. ஆனையிறவு ஆமி முகாமில் சண்டை தொடங்கியதும் அப்புத்துரை சைக்கிளைத் திருப்பிக் கேட்டு வந்தான்.

"சண்டைச் செய்தி கேக்கவேணும். உவங்களுக்காக ஊர் காதைப் பொத்திக்கொண்டு இருக்கேலுமே?"

"செய்தி கேட்டிட்டுத் தாங்கோ அண்ணை. பகலிலையெண்டாலும்."

"டைனமோ தேஞ்சுபோம்."

முழங்கால் வலிக்காரர்கள் முறைவைத்து மிதித்தார்கள். வேறு வீடுகளிலும் டைனமோ கேட்டாள். அங்கும் செய்திதான் பெரிது. பம்பில்லாமல் மருந்தைக் கையால் அமுக்கி ஏற்றிப் பார்த்தாள். ஊசி போன இடமெல்லாம் பிள்ளைக்கு வீங்கியது.

ஆனையிறவு விழுந்த பிறகும் சைக்கிள் வரவில்லை. மாரி பிறக்குமுன் சுமித்திராவின் இதயம் நின்றுபோனது. ஏற்கெனவே பழுதான இதயம், மருந்து ஏறியிருந்தாலும் தப்பியிருக்குமோ தெரியாது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். சிவலட்சுமி அதை ஒருநாளும் நம்பவில்லை.

பற்றரித் தடையால் ஒரு பிள்ளை செத்ததைக் கண்டித்து ஊரில் கூட்டம் வைத்தார்கள். முன்னுக்கு நின்று நடத்தியது அப்புத்துரை. எங்கேயோ ஜெனரேற்றர் பிடித்து ஒலிபெருக்கியும் கட்டியாயிற்று. படித்தவள் பேசினால் எடுபடும் என்று தங்கையை மேடையேற்றினான்.

"பற்றரியை அங்கை ஆமி மறிச்சவன்" என்றாள். கூட்டம் கைதட்டியது. "சைக்கிளை இங்கை என்ர அண்ணை மறிச்சவர்."

யாரோ ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினார்கள். பின்னால் நின்ற மாயாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையடிக்கு வந்து, அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"வேணாங்க டீச்சர். நாளைக்கு எனக்கு அவுங்க வயல்லதாங்க வேலை."