திங்கட்கிழமை வராத உள்ளான்கள்

அடையாறு முகத்துவாரத்தில் பறவை பார்க்க எந்த நேரம் சரி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். விடிந்ததும் போங்கள். இந்த ஒரு வரியைச் சொல்ல நான் பட்ட பாடு இருக்கிறதே! எழுபதுகளின் நடுவில், தை மாதத் திங்கட்கிழமை ஒன்றில் தி. நகரிலிருந்து கிளம்பிப் போன கதை அது.

அப்போது நான் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. என் அக்காவின் கணவர், மயிலாப்பூர் அத்திம்பேர், பாங்க் உத்தியோகஸ்தர். சரியான பறவைப் பைத்தியம். தினமும் காலையில் சைக்கிளில் முகத்துவாரத்துக்குப் போய், பார்த்ததை நாளுக்கு ஓர் அட்டையாகப் பதிந்து வைப்பார். மூன்று வருஷ அட்டைகள். என் ஆராய்ச்சியே அவைதான்.

இன்று நீங்கள் கம்ப்யூட்டரைக் கேட்கிறீர்கள். நான் அட்டைகளைக் கேட்டேன். அட்டையின் ஓரமெல்லாம் துளைகள்: கிழமைக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று. அன்றைய கிழமைத் துளையை ஓரம்வரை வெட்டிவிட வேண்டும்; சேற்றைக் குத்திக் குத்தி இரை தின்னும் உள்ளானைப் பார்த்தால், உள்ளான் துளையையும். பிறகு அட்டைகளை அடுக்கி, அந்தத் துளையில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை நுழைத்துத் தூக்கினால், வெட்டியவை மட்டும் பொலபொலவென்று விழும். உள்ளான் வந்த நாட்கள் அவை. பாண்டி பஜாரில் வாங்கிய ஊசிதான் என் டேட்டாபேஸ்.

அடையாறில் என் புரொபசர் முன்னால் உட்கார்ந்து அப்படித்தான் தூக்கினேன். விழுந்த அட்டைகளை மறுபடி அடுக்கி, திங்கட்கிழமைத் துளையில் ஊசியை விட்டேன். ஒன்றுகூட விழவில்லை. உலுக்கினேன். ஊஹூம்.

"ஏம்மா, உள்ளானுக்குக் கிழமை தெரியுமா?" என்றார் புரொபசர். "உங்க அத்திம்பேர் திங்கட்கிழமையானா வீட்லயே உட்கார்ந்து எழுதறார். ஒரு நாள் பொய்னா மத்த நாளை எப்படி நம்பறது? விளக்கம் கொண்டு வா. இல்லேன்னா இதையெல்லாம் கடாசிட்டு வேற தலைப்பு எடு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்திம்பேராவது, பொய்யாவது! ஆனாலும் மனசு அரித்தது. அவரைக் கேட்டால் உஷாராகிவிடுவாரோ என்று, கேட்காமலே நேரில் போய்ப் பார்த்துவிட முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை, இருட்டு பிரிவதற்குள் பனகல் பார்க்கில் பஸ் ஏறினேன். மயிலாப்பூர் குளத்தருகே மாறி, பட்டினப்பாக்கம் போய்ச் சேர முக்கால் மணி. அங்கிருந்து மணலில் தெற்கே அரை மணி நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது உத்தமம். தண்ணீர் கொண்டு போங்கள், அங்கே ஒன்றும் கிடைக்காது.

ஏழரை. அத்திம்பேர் எப்போதும் வருவதாகச் சொன்ன நேரம். சேறு முழுக்க உள்ளான்கள்! அத்திம்பேரைத்தான் காணோம்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த குப்பத்துக்காரர் கேட்டார். "இன்னாம்மா, தனியா குந்திக்கினு கீறே?"

"பறவை பாக்கறேன்."

"சட்டுனு பாத்துக்கோ. எருமைங்கோ எறங்கிச்சுன்னா ஒண்ணு நிக்காது."

எட்டரைக்கு எருமைகள் இறங்கின. உள்ளான்கள் மொத்தமாக எழுந்து அக்கரைக்குப் போய் மறைந்தன. இனி அத்திம்பேர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று எழுந்தேன். ஒன்பது அடித்துச் சில நிமிஷம் இருக்கும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார் அத்திம்பேர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ எங்கேடி இங்கே?"

"ஏன் அத்திம்பேர் இவ்வளவு நேரம்?"

"திங்கட்கிழமைடி. ஏழரைலேர்ந்து ஒம்பது வரைக்கும் ராகு காலம். முடிஞ்சப்பறம்தானே எண்ண ஆரம்பிக்க முடியும்? பாங்குக்கு வேற ஓடணும்."

தலையில் அடித்துக்கொண்டேன். மணிக்கென்று அட்டையில் துளையே கிடையாது! புரொபசர் சொன்னதை அவரிடம் கொட்டிவிட்டேன். முகம் சுண்டிப்போயிற்று. அன்றைய அட்டையை எடுத்தார்.

"உள்ளானை வெட்டுங்கோ. இத்தனை நேரம் இங்கேதான் இருந்துது. நான் பார்த்தேன்."

"நீ பார்த்தே. நான் பாக்கலையே."

எவ்வளவோ சொன்னேன். மனுஷர் மசியவில்லை. துளையை வெட்டாமலே அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு பாங்குக்குக் கிளம்பினார்.

அன்று மத்தியானமே அடையாறுக்குப் போய், அந்த அட்டையை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். புரொபசர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு அட்டையையும் தூக்கிப் போடாதே. திங்கட்கிழமைக்கு மட்டும் ஒன்பது மணின்னு எழுதிடு" என்றார்.

போகிறவர்களுக்கு: இன்று சில பகுதிகளுக்குள் அனுமதி இல்லை, விசாரித்துக்கொண்டு போங்கள். பறவைப் பதிவில், நீங்கள் போன நேரத்தை மறக்காமல் போடுங்கள். தாமதமாகிவிட்டால், "இப்பத்தான் எல்லாம் பறந்து போச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அவர் சொல்வது நிஜமாகவே இருக்கும். நீங்கள் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள்.