வேரில் விழுந்த முடிச்சு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, எங்கள் அண்ணன் யாரையும் சுலபத்தில் நம்பியவர் அல்லர். அதை மறைத்து எழுதினால் அவரே நம்ப மாட்டார்.

பெருமுக்கல்லில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பத்தாவதோடு படிப்பை விட்டு, கழனியில் இறங்கி என்னை ஆளாக்கினார். வழியில் யாராவது நலம் விசாரித்தால்கூட, "இவன் ஏன் திடீர்னு கேக்குறான்?" என்று வீடு வரும்வரை யோசிப்பார்.

எங்கள் இரண்டு கழனிக்கும் நடுவே ஒரே வரப்பு. ஒரு வருடம் சம்பா பருவத்தில் அவருடைய நெல் திட்டுத் திட்டாக மஞ்சளித்து, வளராமல் நின்றது. யூரியா போட்டும் தேறவில்லை. தண்ணீர் என் கழனி வழியாகத்தான் அவருக்குப் போகும். அவர் சந்தேகப்பட அது போதாதா?

"தண்ணியில இன்னாடா கலந்து வுட்ட?" என்றார்.

"நான் ஏண்ணா கலக்கப் போறேன்?"

"பின்ன ஏன் மூஞ்சத் திருப்பிக்கினு போற?"

வேளாண்மை அலுவலர் அம்மா வந்து ஒரு தூரைப் பிடுங்கி, வாய்க்காலில் அலசி, "வேர்ல முடிச்சு இருக்குது பாருங்கய்யா" என்றார். எங்கள் பக்கம் முடிச்சு என்றால், செய்வினை செய்து துணியில் கட்டிப் புதைப்பது. "யார் வெச்சதும்மா?" என்று கேட்ட அண்ணன், பதிலுக்கு நிற்காமல் மண்வெட்டியால் வரப்பைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். அதுவும் என் பக்கத்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மா எங்கள் இருவரையும் திண்டிவனத்தில் தன் அலுவலகத்துக்கு வரச் சொல்லி, வேரைக் கீறி நுண்ணோக்கியில் காட்டினார். நூற்புழு. கண்ணுக்குத் தெரியாமல் வேருக்குள் புகுந்து, அதை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்குமாம். அண்ணன் நெடுநேரம் பார்த்தார்.

"நெளியுதுடா" என்றார். உடனே, "இது யார் கழனியிலேருந்து வந்துச்சு?"

"நாத்தங்கால் மண்ணுல இருந்து, நாத்து வேரோட ஒட்டிக்கினு வந்திருக்கும். ஒரே நாத்துன்னா தம்பி கழனியிலயும் இருக்கும், அங்க எப்பவும் தண்ணி நிக்கிறதால வெளிய தெரியல" என்றார் அந்த அம்மா.

நாற்றங்கால் அண்ணனுடையது. மிஞ்சிய நாற்று முடிகளை வழக்கம்போல எனக்குத்தான் கொடுத்திருந்தார்.

ஊர் வந்ததும் அண்ணன் நேராக என் கழனியில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்கினார். அதிலும் முடிச்சு. "நான் குடுத்த நாத்துதான்டா உன்னுதயும் கெடுத்திருக்குது" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. அறுவடை முடிந்ததும் என் கழனியைத்தான் முதலில் புழு ஒழியக் கோடை உழவு ஓட்டி, மாற்றுப் பயிராக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட வைத்தார். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. புழுவைத் திட்டிக்கொண்டே என் மேலும் ஒரு கண் வைத்திருக்கிறாரோ என்று பல வருடம் எனக்குச் சந்தேகம்.

கடைசி நாட்களில் விழுப்புரம் ஆஸ்பத்திரியில், "இது எதுக்கு, அது எதுக்கு" என்று எல்லா மாத்திரையையும் தள்ளிவிட்டார். அண்ணி கொடுத்தும் வாங்கவில்லை. "தம்பி வரட்டும்" என்றாராம்.

கழனிக்கு வந்து உண்மையைச் சொன்ன அலுவலர் அம்மாவுக்கும், அண்ணனைச் சுமந்து சென்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் போய்ச் சேரும்வரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்ற செவிலியருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நான் கொடுத்தபோது அண்ணன் அது எதற்கு என்று கேட்கவில்லை. வாயைத் திறந்தார்.