கொட்டகை போடாத வாதம்

வானிலையைப் பற்றி என் கணவரோடு வாதாடி ஜெயித்தவர் விருத்தாசலத்தில் யாரும் இல்லை. நான் பல வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. அச்சில் வார்த்து எடுத்த பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வெயிலில் காயவைப்போம். சூளைக்குப் போகும்வரை அவை வெறும் மண்தான். ஒரு மழை பிடித்தால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருக்காது. அதனால் காயவைக்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போடச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கேட்டது கொட்டகை, கிடைத்தது உலகச் செய்தி.

"முன்ன மாதிரி இல்லீங்க, மழைக்கு மாசமே தெரியல. மனுஷன் எரிக்கிற எரிப்புதான் காரணம்னு டிவியில சொல்றாங்க" என்பேன்.

"நம்ம சூளைப் புகையிலதான் வானம் கெட்டுப்போச்சா? கோடை மழை என்ன புதுசா? எங்க தாத்தா காலத்துலயும் பெஞ்சுது" என்பார்.

எப்போதும் பெய்வதுதான் என்றால் கொட்டகை வேண்டும்தானே என்று மடக்கினால் உடனே கட்சி மாறிவிடுவார். "புகை விட்டவன் பெரிய பெரிய நாட்டுக்காரன். அவன் வந்து போடட்டும்." யார் காரணம் என்று முடிவாகும்வரை ஒரு தகரம்கூட எங்கள் வாசலுக்கு வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன சித்திரைக் கடைசியில் சேத்தியாத்தோப்பில் ஒரு காதுகுத்து. நவராத்திரி ஆர்டருக்கு வார்த்த பொம்மைகள் பலகை பலகையாக வெளியே இருந்தன. கிளம்பும்போது தார்ப்பாயை எடுத்தேன்.

"மூடுனா ஈரம் போவாது, சூளையில வெடிச்சிடும். அக்கினி நட்சத்திரத்துல எவனாவது மழைய பாத்திருக்கானா?" என்றார்.

தாத்தா காலத்துக் கோடை மழை எங்கே போயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டேன்.

பந்தியில் பாயசம் வரும்போது இடி இடித்தது. அவர் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. வீடு திரும்பியபோது பலகைகளில் பொம்மைகள் இல்லை, கஞ்சி மாதிரி வெள்ளைக் குழம்புதான் இருந்தது. ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்து பிசிறு சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து வைத்திருந்தேன். அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"மண்ணுதானே, திரும்ப கரைச்சு வாத்துக்கலாம்" என்றார். மண் திரும்பிவிடும். என் இடுப்பு திரும்புமா?

"இப்பவாவது கொட்டகை போடுவீங்களா?"

வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இனிமே போட்டு என்ன ஆவப்போவுது? எல்லாம் கை மீறிப் போச்சு. மனுஷன் பண்ண அக்கிரமம்."

காலையில் கிடையவே கிடையாது என்றது சாயங்காலம் கைமீறிப் போய்விட்டது. நடுவில் எதையாவது செய்வதற்கு ஒரு நாள்கூட விடவில்லை மனுஷன்.

மறுபடி வார்த்தோம். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. ஹாலில் இருந்த கட்டிலை வெளியே தள்ளிவிட்டு, ஃபேனுக்கு அடியில் சுவருக்குச் சுவர் பலகைகளைப் பரப்பினேன். பட்டறையிலிருந்து வந்தவர் கதவோடு நின்றார்.

"நான் எங்க படுக்கறது?"

"வெளியிலதான். அக்கினி நட்சத்திரத்துல மழை பெய்யாதுன்னீங்களே."

அவர் மேலே பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. கட்டிலை இழுத்துக்கொண்டு போய் சன்ஷேடுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.