ரிசோலத் வெட்டாத நூல்

எங்கள் தெருவில் ரிசோலத் வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தேநீர் பிறகுதான், முதலில் அலமாரி. ரொட்டி ஆறினால் ஆறட்டும். விருந்தாளி அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று "அடேயப்பா!" என்று ஒரு முறையாவது சொல்லியாக வேண்டும். சொல்லாதவர்களுக்குக் கோப்பையின் பக்கத்தில் கற்கண்டு வராது. நான் எத்தனையோ முறை கற்கண்டு இல்லாமல் குடித்திருக்கிறேன்.

மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட அலமாரியில் பீங்கான் கோப்பைகள் இருக்கும். ரிசோலத் வீட்டில் பட்டு நூல். அதை அவள் அடுக்கி வைத்திருந்த அழகைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஒரே சாயக்காரன் ஒரே பருவத்தில் போட்ட சாயமெல்லாம் ஒரே தட்டில். சாயம் விடும் சிவப்பும் கறுப்பும் கீழே, வெளிர்நிறங்கள் மேலே. அந்துப்பூச்சிக்கு மாசிபத்திரித் தழையை உலர்த்தி மூலைக்கு மூலை வைத்திருந்தாள். வெயில் படாத சுவர். அந்தச் சுவரின் ஈரம் பட்டுவிடக் கூடாது என்று, அலமாரியை ஒரு சாண் தள்ளியே நிறுத்த வைத்தாள். நூலைச் சிட்டம் போட்டு வளையமாகத் தொங்கவிட்டால் முறுக்கு விழும் என்று ஒவ்வொன்றையும் பெரிய பெரிய கண்டுகளாகச் சுற்றினாள். மாதுளைச் சிவப்பு, செர்ரிச் சிவப்பு, செங்கல் சிவப்பு என்று சாயங்கால வானம் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று மங்கிக்கொண்டே போகும். எல்லாம் சரி. அந்த நூலில் அவள் ஒரு தையல் போட்டு எங்கள் தெருவில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

எங்கள் உஸ்பெக் ஊரான ஷஹ்ரிசப்ஸில் குறுக்குத்தையல் தைக்காத வீடு கிடையாது. அடித்துணியின் ஒரு நூலிழைகூட வெளியே தெரியாதபடி பெருக்கல் குறி பெருக்கல் குறியாகப் போட்டு மூடிவிடுவது எங்கள் வழக்கம். நூல் தண்ணீராகச் செலவாகும். நான் தொப்பி தைத்துப் பிழைப்பவள். என் நூல் பழைய தேயிலை டப்பாக்களில் கிடக்கிறது. ஒரு தொப்பிக்கு ஒரு துணிப்பை. அதற்கான நூல், ஊசி, பாதி தைத்த துண்டு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். தொப்பி முடிந்தால் பை காலி. நூல் என்றால் தீர வேண்டும். தீராத நூலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாயா போடுவது?

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்பார்களே, அது ரிசோலத்துக்காகவே சொன்னது. பக்கத்து வீட்டு மஸ்தூரா தன் மகனுக்குக் கல்யாணத் தொப்பி தைக்கும்போது மஞ்சள் நூல் கொஞ்சம் குறைந்துவிட்டது. கடையில் அந்தச் சாயம் இல்லை. ரிசோலத்திடம் இருந்தது. மஸ்தூரா போய்க் கேட்டாள்.

"குடுக்கலாம்தான் மஸ்தூரா. ஆனா இதை எடுத்தா வரிசை கெட்டுப்போகுமே" என்றாளாம் ரிசோலத். "நீ வேணும்னா இங்க வந்து எப்ப வேணும்னாலும் பாத்துக்கோ."

"பாத்துக்கிட்டே தைக்க முடியுமாடி? என் பையன் தலையில உன் அலமாரியைத் தூக்கி வைக்கவா?" என்று கேட்டுவிட்டு வந்தாள் மஸ்தூரா. பையன், வேறு சாய மஞ்சள் போட்ட பக்கத்தைக் காதுப்புறம் திருப்பி வைத்துக்கொண்டுதான் கல்யாணம் பண்ணிக்கொண்டான். எல்லாப் படங்களிலும் ஒரே பக்கமாகத்தான் நிற்கிறான், கழுத்து பிடித்துக்கொண்டவன் மாதிரி.

ரிசோலத்தின் கணவர் தூர்சூன் வேன் ஓட்டுகிறவர். அந்த வாதுமை மர அலமாரியைச் செய்ததும் அவரே. ஆனால் சாவி ரிசோலத்தின் கழுத்தில். காலையில் எழுந்ததும் மென்மயிர்த் துடைப்பத்தால் கண்ணாடியைத் தட்டுவாள், ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பாள், போய்விடுவாள். விரல் வியர்வை பட்டால் பட்டு மங்கும் என்று கண்டுகளைத் தானும் தொடமாட்டாள். நாய் பெற்ற தெங்கம்பழம். உருட்டவாவது அந்த நாய் தேங்காயைத் தொட்டிருக்கும்.

இவளுக்கு ஒரே மகள், ஒய்ஜமோல். ஒல்லியான, வாய் அதிகம் பேசாத பெண். பக்கத்து ஊர் கித்தோப்பில் ஓர் இடத்தில் நிச்சயம் ஆயிற்று, இலையுதிர் காலத்தில் கல்யாணம். எங்கள் ஊரில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரும்போது பெண் வீட்டுச் சுவரில் அந்த வீட்டிலேயே தைத்த பெரிய பூவேலைத் துணி தொங்க வேண்டும். அது பிறகு பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகும். வெறும் சுவரைக் காட்டி அனுப்பிய பெண்ணை அவள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் புகுந்த வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள். கோடைகாலம் பிறந்தும் ரிசோலத் அலமாரியைத் திறக்கவில்லை.

நானே போய்க் கேட்டேன். "ஏண்டி, பொண்ணுக்குச் சுவர்த்துணி எங்க?"

"கடையில வாங்கிக்கலாம் சோலிஹா அக்கா. இப்பெல்லாம் மெஷின்ல நல்லாப் போடுறான்."

"வீடு நிறைய பட்டு நூலை வச்சுக்கிட்டு மெஷின் துணியா?"

"அந்த நிறமெல்லாம் இனிமே கிடைக்காதுக்கா" என்று என்னமோ நான் அவள் சிறுநீரகத்தைக் கேட்டது போல மார்பில் கை வைத்துக்கொண்டாள். ஒய்ஜமோல் மூலையில் உட்கார்ந்து தேநீரை ஊற்றி ஊற்றிக் கோப்பைக்கும் கெட்டிலுக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகவும், தாயை நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது.

கடைசியில் ரிசோலத்தை மாட்டிவிட்டது அவள் பெருமைதான். சம்பந்தியம்மா ஒருநாள் வந்தாள். வழக்கப்படி அலமாரி முன்னால் நிறுத்தப்பட்டாள். "அடேயப்பா!" என்றாள். பிறகு, "இவ்வளவு பட்டு உள்ள வீட்டுல பொண்ணோட சுவர்த்துணி எப்படி இருக்கும்! எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

"தயாராகிட்டு இருக்கு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் ரிசோலத்.

வார்த்தையை விட்டுவிட்டாள், இனி வேறு வழி? தெருப் பெண்களைக் கூட்டுவேலைக்குக் கூப்பிட்டாள். இப்படிக் கூப்பிட்டால் போகாமல் இருப்பது எங்களுக்கு வழக்கமில்லை. தவிர, அந்த அலமாரி திறப்பதைப் பார்க்காமல் செத்தால் கண் மூடுமா எங்களுக்கு? மஸ்தூரா தன் பழைய கோபத்தையும் ஊசிப்பெட்டியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்தாள்.

துணியை விரித்தோம். ரிசோலத் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். கை கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள்.

"அடியே, அலமாரியைத்தானே திறக்கப் போறே, அறுவை சிகிச்சையா பண்ணப் போறே?" என்றாள் மஸ்தூரா.

ரிசோலத் கண்ணாடிக் கதவைத் திறந்து செர்ரிச் சிவப்புக் கண்டை இரண்டு கையாலும் எடுத்தாள். எடுத்ததுமே அவள் புருவம் ஒரு மாதிரி ஏறியது. எடை இல்லை. அதைப் புரிந்துகொள்வதற்குள் நான் அவள் கையிலிருந்து கண்டை வாங்கிவிட்டேன்.

"முழ நூலுக்கு மேல வெட்டாதீங்கக்கா, வீணாகும்" என்றாள்.

நான் இழுத்தேன். இரண்டு சுற்று, நாலு சுற்று வந்தது. பிறகு நூலுக்குப் பதில் செய்தித்தாள் வந்தது. கசக்கி உருட்டிய பழைய செய்தித்தாள், அதன் மேல் மெல்லிசாக ஒரு போர்வை பட்டு. மஸ்தூரா எழுந்து போய்ப் பச்சையை எடுத்தாள். செய்தித்தாள். நீலம். செய்தித்தாள். மஞ்சளை எடுத்து உரித்தவள், "என் பையன் கல்யாணத்துக்குக் கேட்டப்பவும் இதுக்குள்ள பேப்பர்தான் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரிசோலத் முகத்தில் ஈயாடவில்லை.

"திருட்டு! தூர்சூன்! யாரோ வீட்டுக்குள்ள பூந்துட்டாங்க!" என்று கத்தினாள்.

தூர்சூன் வாசலில் வந்து நின்று தன் தலைத் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒய்ஜமோல் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் தோளில் ஒரு பெரிய சுருள். எங்கள் நடுவில் வைத்து உருட்டிவிட்டாள்.

நான் இந்தத் தொழிலில் முடி நரைத்தவள், லேசில் எதையும் மெச்சமாட்டேன். அன்று கீழே உட்கார்ந்து தையல் தையலாக விரலால் தடவிப் பார்த்தேன். சுவர் அளவுக்குத் துணி. நடுவில் பெரிய மாதுளைகள், சுற்றிலும் கொடி. அந்த அலமாரியின் எல்லாத் தட்டுகளும் அதில் இருந்தன, அதே வரிசையில், செர்ரி மங்கிச் செங்கல் ஆகிற அதே மங்கலோடு. ஒரு குறுக்குத்தையல்கூடத் தலைகீழாக விழவில்லை.

"எப்படிடி எடுத்தே?" என்றேன்.

"பின்பலகையில ஒரு ஆணியை அப்பா கழட்டிக் குடுத்தாரு. ஈரம் படக்கூடாதுன்னு அம்மா இடம் விட்டு வச்சிருந்தாங்களா, என் கை தாராளமாப் போச்சு" என்றாள். "ஒவ்வொண்ணா எடுத்துப் பிரிச்சுட்டு மேல கொஞ்சம் சுத்தித் திரும்ப வச்சிருவேன். நிச்சயத்துக்கு ரொம்ப முன்னாடியிருந்தே தைக்கிறேன். அம்மா தினமும் பாப்பாங்க. ஒரு நாளாவது ஒண்ணைக் கையில எடுத்திருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன்."

ரிசோலத் துணியைப் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த செய்தித்தாள் உருண்டைகளைப் பொறுக்கி, உரித்த பட்டு நூலை மறுபடி அதன் மேல் சுற்றத் தொடங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அம்மா" என்றாள் ஒய்ஜமோல். "இங்க பாருங்க."

துணியின் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. ஒரு சின்ன மாதுளையின் வெளிக்கோடு மட்டும் போட்டிருந்தது, உள்ளே வெள்ளைத் துணி. மகளின் சுவர்த்துணியைத் தாய் முடித்துக் கொடுப்பது எங்கள் முறை. ஒரே ஒரு பூ தைத்தாலும் போதும். தாய் இல்லாத பெண்ணுக்குத்தான் அடுத்தவர்கள் முடித்துக் கொடுப்பார்கள்.

"கீழ்த்தட்டுல நடுவுல இருக்கிற மாதுளைச் சிவப்பை நான் தொடலை. நான் பிறந்தப்ப நீங்க வாங்கினதுன்னு சொல்வீங்கள்ல. அது முழுசா இருக்கு. அதுல இந்த மூலையை மட்டும் நீங்க தைச்சுக் குடுங்க."

மஸ்தூராகூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ரிசோலத் அந்தக் கண்டை எடுத்து வந்தாள். இது கனமாக இருந்தது, அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் ஊசியை நீட்டினேன். மஸ்தூரா கத்தரிக்கோலை நீட்டினாள். ரிசோலத் நூல்முனையைத் தேடி எடுத்தாள், முழ நீளம் இழுத்தாள், கத்தரிக்கோலை அதன் மேல் வைத்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு இழுத்த நூலைப் பழையபடி சுற்றிவிட்டு, "கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கே" என்றாள்.

வெளியே வரும்போது தூர்சூனிடம் கேட்டேன். "ஏன் தம்பி, இவளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"அவளுக்குப் பயம்க்கா" என்றார். "வெட்டிட்டா திரும்ப ஒட்டாதேன்னு."

"கஞ்சத்தனத்துக்குப் பயம்னு பேர் வச்சுக் கும்பிடுங்க!" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணம் வந்தது. துணி சுவரில் ஏறியது. கித்தோப் பெண்கள் வாய் பிளந்து நின்றார்கள். வெறும் மூலையில், அந்த மாதுளைக் கோட்டின் மேல், அதே சிவப்பு நூல்கண்டு முழுசாக ஊக்கு குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் ரிசோலத் வந்து குத்தியிருக்கிறாள். கண்டு முழுவதையும் மகளுக்குக் கொடுத்துவிட்டாள், அதிலிருந்து ஒரு முழம் வெட்ட அவளால் முடியவில்லை. ஒய்ஜமோல் அந்த மூலையைப் பார்த்தாள், முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன், ஆத்திரத்தில்.

"இது என்ன?" என்று கேட்டாள் சம்பந்தியம்மா.

"எங்க தெரு வழக்கம்" என்றாள் ரிசோலத், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "தாயோட ஆசை தீரக்கூடாதுன்னு முழுக்கண்டாக் குத்தி அனுப்புவோம்."

வழக்கமாம்! அடுத்த வசந்தத்தில் எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் மூலையை வெறுமையாக விட்டு நூல்கண்டைக் குத்தினார்கள். அதன் விளக்கத்தை விருந்தாளிகளுக்குச் சொல்ல ரிசோலத்தையே கூப்பிட்டிருந்தார்கள். அவளும் போய்க் கற்கண்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தாள். மஸ்தூராவும் நானும் எங்கள் தலையில் நாங்களே அடித்துக்கொண்டோம்.

போன மாதம் தொப்பி விற்கக் கித்தோப் போனவள் ஒய்ஜமோல் வீட்டில் எட்டிப் பார்த்தேன். மடியில் குழந்தை. சுவரில் அந்தத் துணி. மூலையில் கண்டு அப்படியே இருந்தது, அதற்குக் கீழே ஜன்னல் விளிம்பில் ஒரு கத்தரிக்கோலும் நூல் கோக்காத ஊசியும்.

"நீயே தைச்சு முடிச்சிரேண்டி. ஒரு மத்தியான வேலைதானே?" என்றேன்.

"எனக்கு அம்மா இருக்காங்களே அக்கா" என்றாள்.

"உங்கம்மா வர்றதே இல்லையா?"

"மாசாமாசம் வர்றாங்க. வந்ததும் நேரா அங்கதான் போவாங்க. கண்டைக் கழட்டுவாங்க, தூசி தட்டுவாங்க. கத்தரிக்கோலைக் கையில எடுப்பாங்க." குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அப்புறம் அதையும் துடைச்சு வச்சிட்டு, கண்டைத் திரும்பக் குத்திட்டுப் போயிருவாங்க."